இன்ஜினுக்கு முன் பிரேக்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய சிறிய கார்களின் இன்ஜினை வலுப்படுத்துவது பற்றி உங்கள் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல நிலையில் உள்ள பழைய காரைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் ஓட வைக்க வேண்டும் என்பதில் கட்டுரையாளரோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்), பெரிய இன்ஜினைப் பொருத்துவது என்று பத்தி பத்தியாக விளக்கியவர், ‘பிரேக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாகனப் பழுதுபார்ப்புப் பயிற்சிக்கூடத்தில் பிரேக், ஸ்டீயரிங் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடமும் 800 கிலோ எடையுள்ள பழைய சிறிய கார் ஒன்று இருக்கிறது. வாங்கியபோது நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வகை. இன்று முன்சக்கரங்களில், சுழலும் தட்டை இருபுறமும் கவ்வும் டிஸ்க் பிரேக் இருக்கிறது, இன்ஜினும் முன்னதைவிடப் பெரியது. பிரேக் வேலை முழுவதும் முடிந்து, பழைய இன்ஜினோடு சில மாதம் ஓட்டிப் பார்த்து மனம் நிறைந்த பிறகே இன்ஜினில் கை வைத்தேன். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வேகம் இரு மடங்கானால் காரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். என் காரையே எடுத்துக்கொள்கிறேன். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அதன் ஆற்றல் சுமார் 111 கிலோஜூல். 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் 309 கிலோஜூல் ஆகிவிடுகிறது. காரை நிறுத்தும்போது இதில் பெரும் பகுதி வெப்பமாக மாறி டிரம்மிலும் டிஸ்கிலும் இறங்குகிறது. நாற்பது கிலோமீட்டர் வேகம் கூடியதற்கு, பிரேக் தாங்க வேண்டிய சூடு இரண்டே முக்கால் மடங்கு. பழைய இன்ஜின் அந்த வேகத்தைத் தொடவே திணறியிருக்கும். புது இன்ஜின் சிரமமில்லாமல் தொட்டுவிடும், அதுவும் திரும்பத் திரும்ப.

டிரம் பிரேக் மோசமானது என்று நான் சொல்லவில்லை. சக்கரம் சுழலும் திசையிலேயே ஒரு ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த தகடு) இழுபட்டு டிரம்மோடு இன்னும் இறுகுவதால், காலில் அதிக அழுத்தம் இல்லாமலே நன்றாகப் பிடிக்கும். முதல் முறை நிறுத்தும்போது குறை சொல்லவே முடியாது. மூன்றாவது, நான்காவது முறையில்தான் சிக்கல் வருகிறது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, பெடல் கீழே இறங்குகிறது. ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடிப்பும் சூட்டில் குறைகிறது. மூடிய டிரம்முக்குள் இருக்கும் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. டிஸ்க் காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறிவிடும்.

என் தங்கை மகனின் காரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் அவனுடைய சிறிய காருக்குப் பெரிய இன்ஜின் பொருத்திக் கொடுத்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பிரேக்கை யாரும் தொடவில்லை. மலைச் சாலையில் இறங்கும்போது, வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். பாதி இறக்கத்தில் பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொட்டுவிட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்கத்து மண் சரிவில் காரை ஏற்றி நிறுத்தினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அங்கேயே காத்திருந்தபோது பெடல் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை அதே பட்டறைக்குக் கொண்டுபோனான். மிதித்துப் பார்த்துவிட்டு, ‘பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு என்னிடம் வந்து, “மாமா, நான்தான் பயந்துவிட்டேனோ?” என்று கேட்டான். டிரம்மைக் கழற்றினேன். உட்பக்கம் முழுவதும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. லைனிங் கண்ணாடி போலப் பளபளத்தது. பிரேக் ஆயில் காபி நிறத்துக்கு மாறியிருந்தது. அந்த ஆயில்தான் சூட்டில் கொதித்திருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, நீராவியை அமுக்க முடியும். குழாய்க்குள் ஆவிக் குமிழி உருவானால், நாம் மிதிக்கும் மிதி குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகி, எதுவுமே நடக்காதது போலப் பெடல் எழுந்து நிற்கும். குளிர்ந்த காரைப் பட்டறை வாசலில் நிறுத்தி மிதித்துப் பார்ப்பவருக்கு இந்தக் குறை ஒருநாளும் தெரியாது. அவன் பயந்ததில் தவறே இல்லை.

உங்கள் கட்டுரையில் திருத்த வேண்டிய இடமும் இதுதான். பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றினால் போதும் என்று அதில் இருக்கிறது. போதாது. சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவை 230, 155. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, காற்றை வெளியேற்ற வேண்டும். அளவு குறைகிறது என்றால் லைனிங் தேய்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. ஊற்றி நிரப்பினால் காரணம் மறைந்துவிடும். டாட் 5 என்று விற்கும் சிலிக்கோன் ஆயிலை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 4 வகையைச் சேர்ந்தது. எண்கள் நெருக்கமாக இருப்பதால் கடையில் மாற்றி எடுத்துவிடுகிறார்கள்.

சிறிய காரின் வலுவைக் கூட்டும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அறுபது ஆண்டுக்கு முந்தைய சான்றே இருக்கிறது. 1959இல் வந்த மினி கார் 848 சிசி இன்ஜினும் 34 குதிரைத்திறனும் கொண்டது, நான்கு சக்கரங்களிலும் டிரம். பந்தயக் கார்கள் கட்டிய ஜான் கூப்பரின் பெயரோடு 1961இல் வந்த மினி கூப்பரில் இன்ஜின் 997 சிசி, திறன் 55. அதே காரில் முன்சக்கரங்களுக்கு 7 அங்குல டிஸ்க்கும் வைத்தார்கள். 10 அங்குலச் சக்கரத்துக்குள் அதைவிடப் பெரிதாக வைக்க இடம் அதிகமில்லை. அந்தச் சிறிய டிஸ்க் போதவில்லை என்ற குறை எழுந்தது. 1963இல் வந்த கூப்பர் எஸ் காரில் இன்ஜின் 1071 சிசியாக வளர்ந்தபோது, டிஸ்க்கும் 7.5 அங்குலமாகித் தடித்தது, காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரும் சேர்ந்தது. இன்ஜின் ஒரு படி ஏறியபோதெல்லாம் பிரேக்கும் ஒரு படி ஏறியிருக்கிறது. தொழிற்சாலையே அப்படிச் செய்திருக்கும்போது, பட்டறையில் நாம் ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை எப்படி விட முடியும்?

அதற்காக நான்கு டிரம்மையும் கழற்றிவிட்டு டிஸ்க்கைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். டிரம்மில் உள்ள தானாக இறுகும் தன்மை டிஸ்க்கில் கிடையாது. அதனால் பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் மாற்றியவர்கள், ‘முன்னைவிடக் கடினமாக மிதிக்க வேண்டியிருக்கிறது’ என்று வருந்துவதை நிறையக் கேட்டிருக்கிறேன். பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில், குழாயில் எப்போதும் சிறிது அழுத்தம் நிற்கும்படி ஒரு வால்வு இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க்கை இணைத்தால், அதைக் கவ்வும் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஓடி வந்த பிறகு சக்கரத்தின் அருகே கையை நீட்டினாலே சூடு தெரியும்.

மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டத்திலும் கவனம் வேண்டும். காலிப்பருக்கு (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) அதிக ஆயில் வேண்டும் என்று 19 மி.மீ. சிலிண்டருக்குப் பதில் 22 மி.மீ. சிலிண்டர் போட்டால், பெடல் குறைவாக இறங்கும், அது உண்மை. ஆனால் பிஸ்டனின் பரப்பு 34 சதவீதம் கூடிவிடுவதால், அதே அழுத்தத்தைப் பெறக் காலாலும் 34 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். சிலிண்டர், காலிப்பர், பூஸ்டர் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எடுக்க வேண்டும். ஒரே மாடலின் பிந்தைய ரகத்தில் தொழிற்சாலையே டிஸ்க் வைத்திருந்தால், முன்சக்கர அச்சு, காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், அழுத்தம் பிரிக்கும் வால்வு எல்லாவற்றையும் அந்த ஒரே காரிலிருந்து எடுப்பது மிக நல்லது. நான் அப்படித்தான் செய்தேன்.

பழைய மாஸ்டர் சிலிண்டரில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் சுற்றுதான் இருக்கிறது என்றால், டிஸ்க்கைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே அதை மாற்றுங்கள் என்பேன். ஒரு ரப்பர் குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரமும் பிரேக்கை இழக்கும். இரட்டைச் சுற்றில் பாதியாவது மிஞ்சும். பழைய காரில் முதல் செலவு இங்கேதான் போக வேண்டும்.

பின்சக்கரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின்சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது. பின்பக்கப் பிரேக் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் முதலில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், ஈரச் சாலையில் கார் சுழன்றுவிடும். சிறிய காருக்குப் பின்னால் நல்ல நிலையில் உள்ள டிரம் போதும். ‘நான்கிலும் டிஸ்க்’ என்று பெருமைக்காகச் செய்வது இந்த அளவுக் காருக்குத் தேவையற்ற ஆபத்து. இத்தனையும் சரியாக இருந்தாலும் கடைசியில் சாலையைப் பிடிப்பது டயர்தான். இறுகிப்போன பழைய டயரை வைத்துக்கொண்டு பிரேக்குக்குச் செலவு செய்வதில் பயனில்லை.

இன்ஜினுக்கு வருகிறேன். கட்டுரையாளர் பரிந்துரைத்த வேலைகள் பெரும்பாலும் சரியானவை. ஆனால் எதையும் மாற்றுமுன், இருக்கும் இன்ஜினின் எல்லா சிலிண்டர்களிலும் அமுக்க அழுத்தத்தை (கம்ப்ரஷன்) அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்திருந்தால், வால்வு இருக்கையையும் ரிங்கையும் சரிசெய்தாலே தொலைந்துபோன திறனில் கணிசமான பங்கு திரும்ப வந்துவிடும். கூடுதல் திறன் எதற்கு என்று அதன் பிறகு யோசிக்கலாம்.

அவர் புகழ்ந்து எழுதிய பந்தய வகைக் கேம்ஷாஃப்ட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. வால்வுகளை அது நீண்ட நேரம் திறந்து வைப்பதால், குறைந்த சுழற்சியில் இன்ஜினின் உறிஞ்சு குழாயில் வெற்றிடம் குறைகிறது. பிரேக் பூஸ்டர் வேலை செய்வதே அந்த வெற்றிடத்தை நம்பித்தான். இன்ஜினுக்கு வலுவூட்டிய கையே பிரேக்கின் வலுவைக் குறைத்துவிடும். நெரிசலில் நின்று நின்று போகும்போது, அடுத்தடுத்து இரண்டு முறை மிதித்தால் பெடல் கல்லாக இறுகும். கேம்ஷாஃப்ட் மாற்றியவர்கள் வெற்றிட அளவுமானியை மாட்டிப் பார்க்காமல் காரைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.

கார்புரேட்டருக்குப் பதில் ஊசித்துளை வழியாக எரிபொருளைப் பீய்ச்சும் நவீன இன்ஜினைப் பொருத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம் அரை பாருக்கும் குறைவு (பார் என்பது அழுத்தத்தின் அலகு). இந்த இன்ஜின்களில் அது பெரும்பாலும் 3 பார் அளவில் இருக்கும். பழைய ரப்பர் குழாயும் சாதாரண கிளிப்பும் அதைத் தாங்காது. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கிளட்ச், ரேடியேட்டர், இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் ஆகியவற்றைப் பெரும்பாலான பட்டறைகள் தாமாகவே கவனித்துவிடுகின்றன.

பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயால் ஊதுவது இன்றும் பலருக்கு வழக்கம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டு கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிப் போடுங்கள். பட்டறைகளில் இந்த வேலை பெரும்பாலும் வயதில் சிறிய உதவியாளர்களிடம்தான் தரப்படுகிறது. என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளை நினைத்தே இதைக் கேட்கிறேன்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் பிரேக்குக்குத் தனி இடம் ஒதுக்கி, டிரம்மின் இடைவெளியைச் சரிசெய்யும் முறையையும், புது பேடுகளை மிதமான வேகத்திலிருந்து பலமுறை மெதுவாகக் குறைத்து டிஸ்க்கோடு படிய வைக்கும் முறையையும் படத்துடன் வெளியிட வேண்டுகிறேன். இன்ஜினை மாற்றினால் பதிவு ஆவணத்திலும் காப்பீட்டிலும் அதைக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கூடத்தில் பாடத்துக்காக நான் வரைந்த படங்கள் பத்திரமாக இருக்கின்றன. பயன்படும் என்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாகனப் பயிற்றுநர் ஒருவர்