பிளாண்டி படங்களில் ஒன்றையாவது சேருங்கள்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பாதுகாப்பு வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். காலத்துக்கும் காப்பாற்றி வைக்க வேண்டியவை என்று உங்கள் பதிவேட்டில் ஆண்டுக்கு 25 படங்கள் சேர்கின்றன. பொதுமக்களும் பெயர் சொல்லலாம் என்பதால் இதை எழுதுகிறேன். 1938 முதல் 1950 வரை கொலம்பியா ஸ்டுடியோ எடுத்த 28 பிளாண்டி நகைச்சுவைப் படங்களில் ஒன்றுக்காவது அங்கே இடம் கொடுங்கள்.

பிளாண்டி, அவள் கணவன் டாக்வுட், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தை வைத்து சிக் யங் வரைந்த பத்திரிகைச் சித்திரத் தொடரிலிருந்து வந்தவை இவை. இரட்டைக் காட்சியில் பெரிய படத்தோடு சேர்த்து ஓட்டுவதற்காகச் சிக்கனமாக எடுத்தார்கள். படத்துக்குப் படம் அதே வீடு, அதே அலுவலகம். டாக்வுட் வேலைக்கு ஓடும் அவசரத்தில் தபால்காரர் மேல் மோதிக் கடிதங்கள் பறப்பதும் அப்படியே. இதை வறுமை என்று பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது அன்றாட வாழ்க்கையின் தாளமாகவே தெரிகிறது.

1940இல் வந்த ஒரு படத்தில் டாக்வுட்டுக்கு மீன்பிடி சங்கத்தில் சேர ஆசை, பிளாண்டிக்கு உரோமக் கோட்டு வேண்டும். கையில் இருக்கும் காசு இரண்டுக்கும் போதாது. சம்பளக்காரக் குடும்பத்தின் மனசு அதில் முழுசாக இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைப் பற்றிப் பேச வந்தாலே, பின்னாளில் பெரிய நட்சத்திரமான ரீட்டா ஹேவொர்த் அதில் நடித்திருக்கிறார் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பிளாண்டியாக வரும் பென்னி சிங்கிள்டனைப் பாருங்கள் ஐயா! கணவனைச் சிறுமைப்படுத்தாமல், குரலை உயர்த்தாமல், குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிறார். டாக்வுட்டாக வரும் ஆர்தர் லேக்கின் பதற்றம் எடுபடுவதே அவருடைய நிதானத்தால்தான்.

அப்புறம், மகனாக வரும் லாரி சிம்ஸ். முதல் படம் வந்தபோது அவனுக்கு 4 வயது, கடைசிப் படம் வந்தபோது 15. வேறு பையனை மாற்றவே இல்லை. 1942இல் கதைக்குள் தங்கை பிறக்கிறாள். 1943இல் நின்ற தொடர் 1945இல் மறுபடி வந்தபோதும் வீட்டில் அதே முகங்கள். ஒரு குடும்பம் திரையிலேயே வளர்ந்ததற்கு இவ்வளவு நீளமான சாட்சி அந்தக் கால ஹாலிவுட்டில் அபூர்வம்.

எம்ஜிஎம் ஸ்டுடியோவின் ஆண்டி ஹார்டி குடும்பப் பட வரிசையில் 1938ஆம் ஆண்டுப் படம் ஒன்றை ஏற்கெனவே சேர்த்திருக்கிறீர்கள். நல்ல தேர்வு, சந்தேகமில்லை. அதே ஆண்டு தொடங்கிய கொலம்பியாவின் எளிய குடும்பத்துக்கும் அந்த மரியாதை வேண்டும். தொலைக்காட்சிக்குப் போனபோது இந்தப் படங்களின் பழைய டைட்டில் கார்டுகளை எடுத்துவிட்டு வேறு ஒட்டினார்கள். பலர் பார்த்தது அந்தப் பிரதிகளைத்தான். பதிவேட்டில் ஒரு படம் ஏறினாலும், மூலப் பிரதிகளைத் தேடிச் சீராக்க ஒரு காரணம் கிடைக்கும்.

எதைத் தேர்வு செய்வது என்று கேட்டால், பிராங்க் ஸ்ட்ரேயர் இயக்கிய 1938ஆம் ஆண்டின் முதல் படத்தைச் சொல்வேன். அடுத்த தேர்வுக்கு அதைப் பரிசீலியுங்கள்.

அன்புடன்,
பழைய படங்களின் ரசிகன்