மரியானோவை எங்க கையில சேர்த்தவங்களுக்கு ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். இது 2013 செப்டம்பர்ல எழுதுனது.

வர்ற ஞாயித்துக்கிழமை, செப்டம்பர் 22, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்துல, எங்க பேஸ்பால் டீம் யாங்கீஸுக்கு கடைசி இன்னிங்ஸ்ல பந்து போட்டு ஜெயிப்பை முடிச்சுக் குடுக்கிற மரியானோ ரிவேராவுக்கு விழா, 26 வியாழன் கடைசி ஹோம் மேட்ச், அப்புறம் ஹூஸ்டன்ல மூணு மேட்ச், அவ்ளோதான். இந்த சீசனோட ஓய்வுன்னு மார்ச்லயே சொல்லிட்டாரு, ஆனாலும் மனசு ஒத்துக்க மாட்டேங்குது. இந்த வருஷம் எந்த ஊருக்கு ஆடப் போனாலும் அந்த ஸ்டேடியத்துல டிக்கெட் வாங்கி உள்ள விடுறவங்க, கிரவுண்டு பராமரிக்கிறவங்க, சமையல்காரங்கன்னு ஒரு கூட்டத்தோட உக்காந்து பேசி நன்றி சொல்லிட்டு வர்றாரு, அதுவும் எதிர் டீம் ஊர்ல! அவரே அப்படி செய்யும்போது, அவரு எங்க கைக்கு வந்து சேரக் காரணமா இருந்தவங்களுக்கு ரசிகருங்க நாங்க நன்றி சொல்லலேன்னா நல்லாவா இருக்கும்?

மொதல்ல அவரு சொந்த நாடு பனாமால, பனாமா ஓஸ்டேங்கிற டீம்ல அவரு கூட ஆடுன அந்த ரெண்டு பசங்களுக்கு. புவேர்ட்டோ கைமிட்டோங்கிற ஊர்ல மீன்பிடிக்கிற குடும்பத்துப் பையன், ஷார்ட்ஸ்டாப்னு ஃபீல்டரா ஆடிட்டு இருந்தவன், ஒருநாள் டீம் பிட்ச்சர், அதாவது பந்து போடுறவன், போட்ட பந்தெல்லாம் செமயா அடி வாங்குதுன்னு தானா முன்வந்து பந்து போட்டான், அதைப் பாத்துட்டு நீங்கதான யாங்கீஸ் ஆளுங்களுக்கு சொல்லி விட்டீங்க. நீங்க கம்முனு இருந்திருந்தா இன்னைக்கு நாங்க எதுக்கு அழப் போறோம். அடுத்து யாங்கீஸுக்கு ஆள் தேடுன ஹெர்ப் ரேபர்ன் சார். ஷார்ட்ஸ்டாப்பா பாத்தப்ப வேணாம்னு விட்டவரு, 85, 87 மைல் வேகத்துல ஒல்லியா ஒரு பையன் பந்து போடுறதைப் பாத்து 1990ல கையெழுத்து வாங்குனீங்களே, அந்தக் கண்ணுக்கு ஒரு கும்பிடு.

அப்புறம், இதை சிரிக்காம சொல்ல முடியல, மார்லின்ஸுக்கும் ராக்கீஸுக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. 1992ல புது டீமுங்களான நீங்க மத்த டீம்லேருந்து ஆள் எடுத்தப்ப, எங்க ஆளுங்க அவரை 'இவரை எடுக்கக் கூடாது'ங்கிற பாதுகாப்பு லிஸ்ட்ல கூட வைக்கல, முழங்கை ஆபரேஷன் ஆன ஆளு எதுக்குன்னு நெனச்சாங்களோ என்னமோ, நீங்களும் எடுக்காம விட்டீங்க. 1995ல பிட்ச்சர் டேவிட் வெல்ஸை வாங்கறதுக்காக இவரை டெட்ராய்ட் டீமுக்கு தள்ளிவிடற பேச்சு ஓடுச்சு, அந்த நேரம் பாத்து மைனர் லீக்ல, அதாவது கீழ்மட்ட லீக்ல, திடீர்னு 95 மைல் தொட்டுட்டாரு, பேச்சு நின்னுடுச்சு. அந்த வேகம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா ஆண்டவன்ம்பாரு அவரு, நான் வாதாட மாட்டேன்.

எங்க டீம் பிட்ச்சர் ரமிரோ மெண்டோசாவுக்கு தனியா சொல்லணும். 1997ல உங்க கூட சும்மா கேட்ச் போட்டுட்டு இருந்தப்பதான் பந்து கடைசி நேரத்துல தானா வளைய ஆரம்பிச்சுது. மெல் ஸ்டாட்டில்மயர் கோச் அதை நேராக்க படாதபாடு பட்டு கடைசில கைவிட்டாரு பாருங்க, சார், நீங்க தோத்ததுக்கு நன்றி. கட்டர்னு சொல்ற அந்த வளையுற பந்து ஒண்ணுதான், வேற வித்தையே கிடையாது, எதிர்ல நிக்கிறவனுக்கும் அதுதான் வரும்னு தெரியும், தெரிஞ்சும் லெஃப்ட் ஹேண்டர்ஸோட பேட் விறகாயிடும். 1999 வேர்ல்ட் சீரிஸ்ல, அதாவது ஃபைனல்ல, அட்லாண்டா டீமோட ரயன் கிளெஸ்கோவுக்கு ஒரே தடவை ஆட வந்ததுல மூணு பேட் போச்சு! இந்த ஜூலைல மின்னசோட்டா டீம் உடைஞ்ச பேட்டுங்களை வச்சே ஒரு ராக்கிங் சேர் செஞ்சு குடுத்தாங்க, வந்த பரிசுலயே எனக்கு அதுதான் ஒசத்தி.

ஸ்கோர்போர்டு ரூம் ஆளுங்களே, 1999ல அவரு பந்து போட உள்ள வரும்போது மெட்டாலிகாங்கிற ராக் குழுவோட 'என்டர் சாண்ட்மேன்' பாட்டை போட்டது நீங்கதான். அவருக்கு அந்த மாதிரி பாட்டே பழக்கமில்ல, ஆனா மொத கிட்டார் சத்தம் கேட்டதும் ஸ்டேடியமே எந்திரிச்சுடும். போன வருஷம் மே மாசம் கான்சஸ் சிட்டில ப்ராக்டிஸ்ல பந்து பிடிக்க ஓடி முட்டி ஜவ்வு கிழிஞ்சப்ப, 42 வயசு, கதை முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் பேசுனாங்க. முட்டியை சரி பண்ண டாக்டருங்களுக்கும் தெரபி குடுத்தவங்களுக்கும் இந்த முழு சீசனும் கடன். அதனாலதான் 650 சேவ் (முன்னிலையைக் காப்பாத்தி முடிச்சுக் குடுத்த மேட்ச்) தாண்டி நிக்கிறாரு, கறுப்பினத்தவருக்கு இந்த லீக்ல வழி தொறந்த ஜாக்கி ராபின்சனோட 42ம் நம்பர் ஜெர்சியை லீக்லயே கடைசியா போடுறவரும் இவருதான்.

கிரிக்கெட்ல டெத் ஓவர் தவிர ஒண்ணும் தெரியாம நியூஜெர்சிக்கு வந்த எனக்கு, பேஸ்பால்ல கடைசியா வர்ற ஒம்பதாவது இன்னிங்ஸ்னா என்னன்னு சொல்லிக் குடுத்தது எங்க ஆபீஸ் வாசல் செக்யூரிட்டி அண்ணன், பனாமாக்காரரு. மேட்ச் முடிஞ்ச மறுநாள் காலைல பேட்ஜ் பாக்கறதுக்கு முன்னாடி ஸ்கோர்தான் கேப்பாரு. அண்ணே, உங்க ஊரு ஆளை எங்களுக்கும் பங்கு குடுத்ததுக்கு பெரிய நன்றி.

கடைசியா எங்க பரம எதிரி டீமான பாஸ்டனோட ரசிகருங்க. 2004ல நாம மோதுன தொடரோட நாலாவது மேட்ச்ல, மரியானோ பந்து போடும்போது உங்க டேவ் ராபர்ட்ஸ் பேஸ் திருடுனதுல (பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிட்டதுல) ஆரம்பிச்ச வலி, கைக்கு வந்த தொடரையே கோட்டை விட்ட வலி, எங்களுக்கு இன்னும் இருக்கு. அடுத்த வருஷம் உங்க ஃபென்வே ஸ்டேடியத்துல மரியானோவை கிண்டலா எந்திரிச்சு கைதட்டி வரவேத்தீங்க, அவரு சிரிச்சுட்டு தொப்பியைத் தூக்குனாரு. போன ஞாயித்துக்கிழமை அதே இடத்துல நெசமாவே தட்டுனீங்க, டிவில பாத்தேன், நன்றி. ஆனா டிவிஷன்ல எங்களுக்கு மேல உக்காந்துட்டு இருக்கீங்களே, அதுக்கு நன்றியெல்லாம் கிடையாது, சொல்லிட்டேன்.