வீடியோவை எங்கே நிறுத்துவது?

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். இங்கே பின்னேரமானால் மழை, காலி வீதியில் வழக்கமான நெரிசல். வேறு புதினம் இல்லை. பாடசாலைக்குப் புரொஜெக்டர் வந்துவிட்டது, தமிழுக்கும் நாடகத்துக்கும் எந்த எந்த வீடியோக்களைக் காட்டலாம், பட்டியல் ஒன்று அனுப்பு என்று எழுதியிருந்தாய். பட்டியல் பிறகு. செய்யுளைப் படிப்பிக்கும்போது வீடியோ கடைசியில் வரவேண்டும், கூத்தைப் படிப்பிக்கும்போது முதலில் வரவேண்டும், கட்டுரைக்கு நீயே எடுக்கவேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் எவ்வளவு நல்ல வீடியோவும் அரை மணி நேரப் பொழுதுபோக்காகத்தான் முடியும்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையை எடுத்துக்கொள். முதலே படத்தைக் காட்டிவிட்டால் பிள்ளையின் மனதில் நடிகையின் முகம் ஏறிவிடும். அதற்குப் பிறகு இளங்கோவின் சொல் உள்ளே போக இடமில்லை. ஆகவே 40 நிமிடப் பாடவேளையில் முதல் 12 நிமிடம் வாசிப்புக்கு. பதம் பிரித்த பிரதி கையில் இருக்கட்டும். ஒருவர் கண்ணகி, ஒருவர் பாண்டியன், ஒருவர் வாயிலோன். அடுத்த 8 நிமிடம், இந்தக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள், சிலம்பு யார் கையில், எந்த இடத்தில் மௌனம் என்று ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதவேண்டும். அதற்குப் பிறகுதான் வீடியோ, அதுவும் ஒன்றரை நிமிடத் துண்டு, முதல் முறை சத்தம் இல்லாமல். உடல் என்ன சொல்கிறது என்று கேள். இரண்டாம் முறை சத்தத்தோடு போட்டு, மன்னன் பதில் சொல்லும் முன் நிறுத்து. அந்தப் பதிலை நூலிலிருந்து பிள்ளைகள் சொல்லவேண்டும். மிஞ்சிய நேரம் ஒரே கேள்விக்கு: படம் எதைக் கூட்டியது, எதை விட்டது?

விட்டதுதான் பொன். திரையில் வந்த கண்ணகிகள் பக்கம் பக்கமாக வசனம் பேசுவார்கள். நூலில் வாதம் சிலம்பின் பரலில், அதாவது உள்ளே இட்ட கல்லில், முடிந்துவிடுகிறது. அவள் மாணிக்க மணி என்கிறாள், அவன் முத்து என்கிறான், சிலம்பு உடைகிறது. ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே’ என்ற அடியை எத்தனை படம் காட்டும்? தீர்ப்புச் சொன்ன வாயிலேயே போய்த் தெறிக்கிறது சாட்சி. வாசித்துவிட்டு வருகிற பிள்ளைதான் அது திரையில் இல்லை என்று கண்டுபிடிக்கும். இன்னொன்று, அவையிலேயே மதுரைக்குத் தீ வைத்ததாக எழுதும் விடைகள் உன்னிடமும் வரும். நகரை எரிப்பது அடுத்து வரும் வஞ்சின மாலையில். படத்தின் வேகம் இரண்டு காதைகளையும் ஒட்டிவிடுகிறது.

துண்டு ஒன்று 6 நிமிடத்தைத் தாண்டவேண்டாம். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடநெறிகளில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வந்த கட்டுரையும் ஏறக்குறைய அந்த எல்லையைத்தான் சொன்னது. ஆனால் அவை கணித, விஞ்ஞானப் பாடங்கள். செய்யுளுக்கு 3 நிமிடமே நீளம் என்பது என் எண்ணம்.

கூத்துக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். அச்சிட்ட கூத்துப் பிரதியை முதலில் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அது மோசமான செய்யுள் போலத் தெரியும். ஆட்டமும் மத்தளமும் இல்லாமல் அந்த வரிகளுக்கு உயிரில்லை. எனவே முதலில் பார்க்கட்டும். ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுக் காட்டு. விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர் வித்தியானந்தன். 1964இன் இராவணேசன் கூத்து அந்த வழியில் வந்தது. கையில் கிடைக்கிற பதிவுகளில் பல அந்த மரபைச் சேர்ந்தவை, ஒரு பக்கம் பார்த்து ஆடுபவை. ஊரில் கூத்தாடும் வட்ட அரங்கான களரியில் அப்படியா? நடுவில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும், அவர்களைச் சுற்றி ஆட்டம், அதைச் சுற்றிச் சனம். முன்னால் நின்று எடுத்த வீடியோவை மட்டும் பார்த்த பிள்ளை, வட்டக்களரியைப் பரீட்சையில் படமாகக் கீறும்போது திரைச்சீலையும் பக்கத் தட்டிகளும் போட்டுவிடும். உங்கள் பக்கம் இன்னும் களரி கட்டி ஆடுகிறார்களே, அதை நீயே எடு. கொழும்பில் இருந்துகொண்டு எனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மூன்று போன் போதும். ஒன்று உயரத்தில், கூரை விளிம்பிலோ மேசை மேல் ஏணியிலோ கட்டி, முழு வட்டமும் தெரியும்படி. அதை அசைக்கவே கூடாது. இரண்டாவது இடுப்பு உயரத்தில், ஒரு கூத்தரைத் தலை முதல் கால் வரை. முகத்துக்குக் கிட்டப்போகும் ஆசையில் பாதத்தை வெட்டிவிடுவதுதான் வழக்கமான பிழை. பாதம் வெட்டுப்பட்டால் தாளக்கட்டு போய்விட்டது, பிறகு அந்த வீடியோவால் ஆட்டத்துக்குப் பயனில்லை. மூன்றாவது அண்ணாவியாரின் கையும் வாயும். தொடங்குமுன் மூன்று போனுக்கும் தெரிய ஒருதரம் பலமாகக் கைதட்டிவிடு. பிறகு கோப்புகளைப் பொருத்தும்போது அந்தச் சத்தம்தான் அடையாளம்.

ஆடிப் பழக்கும்போது இன்னொரு வில்லங்கம் உண்டு. முன்னாலிருந்து எடுத்ததைப் பார்த்துப் பழகினால் இடதும் வலதும் மாறிவிடும். முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்ததைப் போடு, இல்லையென்றால் எடிட்டிங்கில் இடம் வலம் திருப்பிவிடு. யூடியூப்பில் வேகத்தை 0.5க்குக் குறைத்தால் கால் நன்றாகத் தெரியும், ஆனால் மத்தளம் இழுபட்டுக் கேட்கும். சத்தத்தை அணைத்துவிட்டு நீ வாயால் சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களை, சொல். ஆட்ட அடவு பிடிபட்டதும் முழு வேகம். அதற்குப் பிறகு பிரதியைக் கையில் கொடுத்துப் பார், அதே வரிகளைத் தாங்களாகவே இழுத்துப் பாடுவார்கள்.

கட்டுரை எழுதுவதற்கு யூடியூப்பில் தேடி நேரத்தை வீணாக்காதே. ‘சிறந்த கட்டுரை எழுதப் பத்து வழிகள்’ என்று வருவதெல்லாம் அறிவுரை. பிள்ளைக்குத் தேவை ஒரு பந்தி திருந்துகிற விதத்தைக் கண்ணால் காண்பது. பெயரை மறைத்து, பிள்ளையின் சம்மதத்தோடு, 80 சொல் அளவில் ஒரு பந்தியை எடு. இரண்டு அடுக்குக் கொப்பிகளை ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வைத்து, மேலே இரண்டு அடிமட்டங்களைக் குறுக்கே போட்டு, அவற்றில் போனைக் கவிழ்த்து வை. கை நிழல் எழுத்தில் விழாதபடி வெளிச்சம் இடப்பக்கம் இருந்து வரட்டும். நீ வலக்கையன் என்றபடியால் சொல்கிறேன். ரியூப் லைற்றின் கீழ் எடுத்தால் படத்தில் கறுப்புக் கோடுகள் ஓடலாம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், போன் நொடிக்கு 30 சட்டத்தில் (ஃபிரேம்) எடுக்கிறது, அதனால்தான். 25க்கு மாற்ற முடிந்தால் மாற்று, முடியாவிட்டால் லைற்றை அணைத்து யன்னல் வெளிச்சத்தில் எடு.

எடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திருத்து. ‘மேலும், மேலும் என்று மூன்று வசனம் தொடங்குகிறது, நடுவில் உள்ளதை வெட்டுகிறேன். எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை.’ ஒரு இடத்திலாவது திருத்தியதை மறுபடி அழித்துப் பழையதையே வைக்கவேண்டும், ஏன் என்றும் சொல்லவேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதே. ஆசிரியர் முதல் தரத்திலேயே சரியாக எழுதுவார் என்ற எண்ணம்தான் பிள்ளைகளை வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டு இருக்க வைக்கிறது. 5 நிமிடத்தில் முடி. பார்த்த உடனே அதே நோய் உள்ள வேறொரு பந்தியைத் திருத்தக் கொடு.

சுருக்கம் எழுதுவதற்கும் ஒரு வழி இருக்கிறது. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் வரும். 3 நிமிடப் பேச்சைப் படம் இல்லாமல் கேட்கவிட்டு, மூன்றிலொன்றாகச் சுருக்கச் சொல். படத்தோடு போட்டால் குறிப்பு எடுக்கமாட்டார்கள், பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

எழுத்தைத் திரையில் போடுவது பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ஒரு திரைக்கு 6 வரிக்கு மேல் வேண்டாம், மெல்லிய எழுத்துருவும் வேண்டாம். வட்ஸ்அப்பில் வீடியோவாகவே அனுப்பினால் அது தன்பாட்டில் நசுக்கும், முதலில் சாவது புள்ளி. ‘க்’ ‘க’ ஆகிவிட்டால் செய்யுளில் சீரே மாறிப்போகும். ஆவணமாக அனுப்பு, நசுங்காமல் போகும். நொடிக்கு 1 மெகாபிட் வீதத்தில் 6 நிமிடம் ஏறக்குறைய 45 மெகாபைட். டேட்டா இல்லாத பிள்ளைகளுக்குப் பென் டிரைவ்தான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த சிலைடை அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோடில் அடி, பழையவற்றைப் படமாக மாற்றிவிட்டுச் சேர். தானாக வரும் தமிழ் வசனவரிகளைப் பழைய இலக்கியத்துக்கு நம்பவே நம்பாதே, அணைத்துவிடு.

சத்தம் படத்தைவிட முக்கியம். மைக் வாயிலிருந்து ஒரு சாண், ஃபேன் நிற்கவேண்டும். கொழும்பில் விடியற்காலை காகம், பிறகு தெருவில் பாண் விற்கும் சூன் பாண் வண்டியின் மெட்டு. இரவு பத்துக்குப் பிறகுதான் பதிவு செய்யலாம். உனக்கு அந்தத் தொல்லை குறைவு. மைக்கைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பார்க்கிறேன், உன் போனில் மைக் செருகும் துவாரம் எந்த வகை என்று எழுது.

தமிழ்நாட்டு வீடியோக்கள் உரைக்கு உதவும், பாடத்திட்டத்துக்கு உதவா. தெரிவான செய்யுளும் வினா அமைப்பும் வேறு. ‘ற்ற’ உச்சரிப்பும் நம்முடையதல்ல, கீழ் வகுப்புகளில் சொல்வதெழுதலுக்கு அவற்றைப் போடாதே. நமது பாடத்திட்டத்துக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தைப் பார், பிரதிகளுக்கு நூலகம் என்ற இணைய நூலகத்தில் தேடு. ஆட்டத்தைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அண்ணாவியாரிடமும் கூத்தர்களிடமும் கேட்டுவிடு. வகுப்பில் காட்டுவது வேறு, உலகத்துக்குத் திறந்து விடுவது வேறு.

பட்டியலை அடுத்த கடிதத்தோடு வைக்கிறேன். நீ கொழும்பு வரும்போது களரி வீடியோவின் மூலக் கோப்பை, மூன்று போனிலிருந்தும் வெட்டாமல், பென் டிரைவில் போட்டுக் கொண்டுவா. வட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி