குழி காயாமல் பார்த்துக்கொள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மோல்மேனிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். "மூணு மாசமாச்சு, குப்பைக்குழியில போட்டது மக்கி எருவாகாம போட்டபடியே கிடக்குதுப்பா" என்றாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். இங்கே செய்வதை அப்படியே மாண்டலேயில் செய்யச் சொல்லிவிட்டேன். இங்கே தென் பர்மாவில் வருஷத்துக்கு 4,800 மில்லிமீட்டர் போல மழை. உங்கள் ஊரில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. நாங்கள் தகரம் போட்டு மூடித் தண்ணீரைத் தடுக்கிறோம். நீ ஊற்ற வேண்டும்.

ஒரு கை அள்ளி நன்றாகப் பிழிந்து பார். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் போதாது. அரிசி கழுவிய தண்ணீரையே ஊற்று, மேலே ஈரச் சாக்கு போட்டு வை. உன் வாசலில் புளியமரம் இருக்கிறதே, அந்தச் சருகைக் கூட்டி எரித்துவிடாதே. காய்கறித் தோல் ஒரு பங்குக்குச் சருகு இரண்டு பங்கு. குவியல் மூன்றடிக்கு மூன்றடியாவது இருந்தால் நாலைந்து நாளில் உள்ளே கைவைக்க முடியாது, 60 டிகிரி வரை சுடும்.

நான் முதல் வருஷம் செய்த கூத்து உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. முடோன் தோட்டத்துத் துரியான் தோலை, கொட்டுகிற மழையில், முழுசு முழுசாகக் குழியில் தள்ளினேன். தண்ணீர் நின்று, காற்றுப் போகாமல், பத்து நாளில் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. ஆறு மாதம் கழித்து எரு அள்ளப் போன உன் அம்மாவின் கையில் முள் குத்தியது. இப்போது வெட்டுக்கத்தியால் கட்டைவிரல் அகலத்துக்குக் கொத்தித்தான் போடுகிறேன். உனக்கு அங்கே செயின் தலோன் வகை மாங்கொட்டை. பிளக்காமல் போட்டால் மக்காது, முளைக்கும். தேங்காய் மட்டையைப் பூந்தொட்டியின் அடியில் போடு, ஈரம் நிற்கும்.

மீன் முள், நாப்பி என்கிற மீன் விழுதின் மிச்சம் எல்லாம் தனியாக, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துச் செங்கல் வை. எலிக்கு விருந்து வேண்டாம். பொரித்த எண்ணெயைப் பழைய பேப்பரில் ஊறவிட்டுக் குப்பையில் போட்டுவிடு.

சாமிக்குப் போட்ட மாலையில் நூலை உருவிவிடு. இப்போதெல்லாம் வாழைநாரில் யார் கட்டுகிறார்கள்? போன வாரம் எருவைச் சலித்தபோது சல்லடை நிறையப் பச்சை நைலான் நூல்.

அப்புறம் அந்த இன்வெர்ட்டர் பேட்டரி. கரண்ட் போகிற போக்கில் எல்லார் வீட்டிலும் ஒன்று செத்துக் கிடக்கிறது. ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு எடைக்கு எடுக்கிறவனிடம் கொடுக்காதே. அதில் ஈயமும் கலந்திருக்கும், உன் கிணறு பத்தடி தள்ளித்தானே இருக்கிறது. முழுசாக வாங்குகிற கடையில் போடு. அதுவரை நிமிர்த்தியே வை. மாப்பிள்ளையைத் தூக்கச் சொல், நீ தூக்காதே.

பஸ்ஸில் ஒரு கூடை பம்பளிமாஸ் அனுப்பியிருக்கிறேன். தோல் தடிமன், நறுக்கிப் போடு.

அப்பா