கழிவுக் குவியலில் ஒரு சேவல்

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலைக் கண்காட்சிகளில் கழிவுப் பொருள் ஆக்கங்கள் என்றாலே போத்தல் பூச்சாடிகளும் சிரட்டைக் குரங்குகளுமே ஆண்டுதோறும் மேசைகளில் அடுக்கப்படுவது, ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியனான எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது. அதே பொருட்களைக் கொண்டு கண்ணை மயக்கும் காட்சிமாயைகளை அமைக்க முடியும். பிரான்ஸ் நாட்டுக் கலைஞர் பேர்னார் பிராஸ், எறியப்பட்ட பொருட்களைப் பரப்பிவைத்து, குறித்த ஓரிடத்தில் நின்று பார்க்கையில் மட்டும் அவை ஒரு முகமாகத் திரளும்படி செய்கிறார். உத்தி பழையது; ஜேர்மனிய ஓவியர் ஹோல்பைன் 1533இல் தீட்டிய ஓவியமொன்றிலும், பக்கவாட்டிலிருந்து நோக்கினால் மட்டுமே உருப்பெறும் மண்டையோடு ஒன்று உண்டு.

கடந்த விடுமுறையில் அயல்வீட்டுப் பிள்ளைகளுடன் எங்கள் முற்றத்தில் இவ்வாறு ஒரு சேவலை அமைத்தோம். அறுந்த சிவப்புச் செருப்பு கொண்டையாகப் படிக்கட்டிலும், பழைய சைக்கிள் ரியூப்கள் வாலாகப் பத்தடி பின்னே வேலியிலும் இருந்தன. தொலைவிலுள்ள பொருள் சிறிதாகத் தெரியும் என்பதால் வாலைப் பலமுறை பெருப்பிக்க வேண்டியிருந்தது. மட்டையில் இட்ட துளையூடாக ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது சேவல் நிமிர்ந்து நின்றது; இரு கண்களாலும் பார்த்தால் ஆழம் புலப்பட்டு உருவம் குலைந்தது. ஓரடி விலகினால் வெறும் குப்பை. கணிதமும் சித்திரமும் இவ்வளவு நெருங்கிவரும் வேறொரு பயிற்சியை நான் கண்டதில்லை.

ஆனால், மேசையில் அடங்காத ஆக்கம் ஏற்கப்படாது என்று அப்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கூறப்பட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் கண்காட்சிகளை ஒழுங்கமைப்போர் இவ்விதியைத் தளர்த்தி, மண்டபத்தின் ஒரு மூலையையும், பார்வையாளர் நிற்கவேண்டிய இடத்தைத் தரையில் குறிப்பதற்கான அனுமதியையும் வழங்க வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
கோண்டாவில்.