ஆள்காட்டிக்கு இங்கே ஒரு பங்காளி

ஸ்கார்பரோ, டொராண்டோ
மே 18

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

போன வாரம் போனில், "பொழுது எப்படிடா போகுது?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் உங்கள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். குருவி பார்த்துத்தான் போகிறது அப்பா. சிரிக்காதீர்கள்.

வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஹைலேண்ட் கிரீக் என்று ஓர் ஓடை. மார்ச்சில் கரையில் பனி கிடக்கும்போதே ஒரு கறுப்புக் குருவி வந்துவிட்டது. தோளில் சிவப்புத் திட்டு, அதன் கீழே மஞ்சள் கோடு. முதலில் ஆண்கள் வந்து கோரைக்குள் இடம் பிடிக்குமாம், பெண்கள் பின்னால்தான் வருமாம். இப்போது கூடு கட்டியாயிற்று போல. அந்தப் பக்கம் போனாலே பின்னாலிருந்து வந்து மண்டையில் தட்டுகிறது. இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். அப்புறம் தொப்பி போட்டுக்கொண்டுதான் நடை.

சரி, சொல்ல வந்தது வேறு. ஓடைக்குப் போகும் வழியில் கார் நிறுத்துமிடம். அங்கே சரளைக்கல் மேலேயே ஒரு பறவை நான்கு முட்டை இட்டிருக்கிறது. கூடு என்று ஒன்றும் இல்லை, கல்லோடு கல்லாகக் கிடக்கின்றன. மிதித்திருப்பேன். அதற்குள் அது கத்திக்கொண்டு, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்தபடி எதிர்ப்பக்கம் ஓடியது. பாவம் என்று நானும் பின்னாலேயே போனேன். கொஞ்ச தூரம் போனதும் ஜோராகப் பறந்துவிட்டது!

கிணற்றுமேட்டில் ஆள்காட்டி கத்தும்போது, "கத்துற இடத்தில முட்டை இருக்காது" என்பீர்களே, அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இதற்கு இங்கே கில்டியர் என்று பெயர். அது கத்துவதும் அப்படித்தான் கேட்கிறது. ஆள்காட்டியும் இதுவும் ஒரே குடும்பமாம். நம்முடையதற்குக் கண் முன்னால் சிவப்புத் தோல். இதற்கு மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை, ஆளும் சின்னது.

மறுநாள் பார்த்தால் யாரோ முட்டைகளைச் சுற்றி நான்கு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்திருந்தார்கள். கார்கள் விலகிப் போகின்றன. அடைகாக்க 25 நாள் ஆகும் என்கிறார்கள். குஞ்சு பொரித்தால் போனில் காட்டுகிறேன்.

கடலைக்காட்டில் இந்த வருஷம் ஆள்காட்டி முட்டை வைத்ததா? டிராக்டர்காரரிடம் அந்த மூலையை விட்டுவிட்டு உழச் சொன்னீர்களா?

அன்புடன்,
உங்கள் மகன்