எட்வின் ஜாக்சனுக்கு: அந்த 149 பந்துகள் பற்றி

அன்புள்ள எட்வின் ஜாக்சன் அவர்களுக்கு,

அமெரிக்க பேஸ்பால் பேச்சில் பிட்ச்சரான (பந்து வீசுபவர்) உங்கள் பெயரை எடுத்தாலே "14 அணிக்கு ஆடினாரே, அவரா?" என்கிறார்கள். எங்கேயும் நிலைக்காதவர் என்ற இரக்கமும் கூடவே வருகிறது. அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

2003 செப்டம்பர் 9, உங்கள் 20ஆவது பிறந்தநாள். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம். எதிரே பந்து வீசியவர் பெரும் புகழ்பெற்ற பிட்ச்சர் ராண்டி ஜான்சன். ஜெயித்தது நீங்கள். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது 2010 ஜூன் 25ஐத்தான். அரிசோனாவுக்காக, உங்கள் பழைய அணியான டாம்பா பேவை அவர்கள் மைதானத்திலேயே சந்தித்தீர்கள். பந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான்கு பந்து தப்பிப் போனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்துவிடலாம். முதல் 3 இன்னிங்ஸிலேயே 7 பேரை அப்படி நடக்கவிட்டீர்கள். உங்கள் அணிக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு ரன். ஒரு அடி சரியாகப் பட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். படவே இல்லை! முழு ஆட்டமான 9 இன்னிங்ஸிலும் ஒரு ஹிட் கூட, அதாவது பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டும் அடி ஒன்றைக் கூட, கொடுக்கவில்லை. 100 பந்தைத் தாண்டினாலே பிட்ச்சரை மாற்ற யோசிக்கும் காலத்தில், 149 பந்து வீசி முடித்தீர்கள். சுத்தமான ஆட்டம் இல்லைதான். தடுமாறித் தடுமாறிக் கரை சேர்ந்த ஆட்டம் என்பதால்தான் எனக்கு அது இவ்வளவு பிடிக்கிறது.

சரியாக 5 வாரத்தில் அரிசோனா உங்களை சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டது.

பிட்ச்சராக உங்கள் பெயரில் எழுதப்பட்ட மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி. தோல்விதான் அதிகம், மறைக்க வேண்டியதில்லை. அதே ஊரின் இன்னொரு அணியான சிகாகோ கப்ஸில் 2013இல் மட்டும் 18 தோல்வி. அதற்கப்புறமும் வீசினீர்கள். 2018இல் ஓக்லாந்து கூப்பிட்டபோது 6 ஜெயித்து 3 தோற்றீர்கள். அந்த அணி பிளே ஆஃப் வரை போனது. வேண்டாதவரையா ஒரு அணி நடு சீசனில் கூப்பிட்டு உடனே பந்தைக் கையில் கொடுக்கும்?

ஒன்று கேட்க வேண்டும். 2011 ஜூலை 27 அன்று சிகாகோ ஒயிட் சாக்ஸ் உங்களை டொரான்டோவுக்குக் கொடுத்தது. டொரான்டோ அதே நாளில் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டது. அந்த அக்டோபரில் செயின்ட் லூயிஸோடு உலகத் தொடரை (சீசனின் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) வென்றீர்கள். டொரான்டோ ஜெர்சியைப் போட 2019 மே 15 வரை ஆனது. அதுதான் உங்கள் 14ஆவது அணி. அன்றைக்குப் பொத்தானைப் போடும்போது, எட்டு வருடத்துக்கு முன் சில மணி நேரம் மட்டும் அந்த அணிக்காரராக இருந்த நாள் நினைவுக்கு வந்ததா?

அன்புடன்,
ஒரு ரசிகன்